துருத்தித் தண்ணீர் எத்தனை நாளைக்கு? – ஜீவனாம்சம் குறித்து ஒரு தியானம்



 இவ்வாரத் தியானத்துக்கு ஆதியாகமம் 21ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். பொழுது புலரும் வேளையில் ஆகாரும் அவள் மகனும் ஆபிரகாமின் வீட்டைவிட்டு அனுப்பப்படுகிறார்கள். வழிக்குக் கொடுக்கப்பட்டது சிறிது அப்பமும் தோல் துருத்தி ஒன்றில் தண்ணீரும். பெயெர்செபாவின் வனாந்தரத்தில் அந்தத் தண்ணீர் தீர்ந்துபோகிறது.

பிரசங்கிகளாகிய நாங்கள் இந்த இடத்தை விரைந்து கடந்து, தேவன் அவள் கண்களைத் திறந்து துரவைக் காட்டிய இடத்துக்குப் போய்விடுகிறோம். அற்புதத்தைப் பிரசங்கிப்பது எளிது. ஆனால் அதே ஆதியாகமம் 13ஆம் அதிகாரத்தில், ஆபிரகாம் மிருகஜீவனும் வெள்ளியும் பொன்னும் நிறைந்த செல்வந்தன் என்று எழுதப்பட்டிருக்கிறது. அத்தனை ஆஸ்தி உடையவனுடைய வீட்டிலிருந்து, அவனுக்கு ஒரு குமாரனைப் பெற்றுக்கொடுத்தவள் ஒரு துருத்தித் தண்ணீரோடு போகிறாள். சாராளின் சொல்லைக் கேட்கும்படி தேவனே சொன்னார் என்று நீங்கள் நினைவூட்டலாம். உண்மைதான். அனுப்புவதற்கு அனுமதி பரத்திலிருந்து வந்தது. துருத்தியின் அளவைத் தீர்மானித்ததோ ஆபிரகாம்.

நம் சபைகளில் விவாகரத்து என்ற சொல்லைப் பிரசங்க பீடத்திலிருந்து உச்சரிக்கவே தயங்குகிறோம். உச்சரித்தால், அது தேவனுக்கு வெறுப்பானது என்று மல்கியாவைச் சுட்டிக்காட்டி நிறுத்திக்கொள்கிறோம். விவாகரத்து நடந்துவிட்டபின் அந்தப் பெண் எதைக் கொண்டு அரிசி வாங்குவாள், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை யார் செலுத்துவார் என்ற கேள்வி சபையின் கேள்வியாக மாறுவதேயில்லை. ஜீவனாம்சம் கேட்டு வழக்குத் தொடுத்த பெண்ணைப் பற்றி ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது எப்படிப் பேசுகிறோம் என்பதை நீங்களே அறிவீர்கள். "பணத்துக்காக நிற்கிறாள்" என்பது அவற்றுள் மென்மையான பேச்சு.

ஜீவனாம்சம் என்ற சொல்லையே பாருங்கள். ஜீவனம், அம்சம் என்னும் இரண்டு சொற்கள் இணைந்தது அது. அம்சம் என்றால் பங்கு. வாழ்வதற்கான பங்கு என்பதே பொருள். எருசலேம் தேவாலயத்தில் இரண்டு காசு போட்ட விதவையின் கதையில் நம் தமிழ் வேதாகமம் ஆளும் அதே 'ஜீவனம்'தான் இது. பங்கு கேட்பவர் பிச்சை கேட்பவர் ஆகமாட்டார். தனக்கு உரியதைக் கேட்கிறார்.

திருமறை இதில் மௌனமாக இல்லை. யாத்திராகமம் 21:10, ஒருவன் வேறொருத்தியை மணந்துகொண்டாலும் முந்தினவளுக்குரிய உணவையும் உடையையும் மண உரிமையையும் குறைக்கக்கூடாது என்கிறது. அதைவிட என்னை அதிகமாகத் தொடுவது உபாகமம் 15ஆம் அதிகாரம். ஆறு வருடம் வேலைசெய்த அடிமையை ஏழாம் வருடத்தில் விடுதலை செய்யும்போது, அவனை வெறுங்கையாய் அனுப்பாமல், மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் தாராளமாய்க் கொடுத்தனுப்பக் கட்டளையிடுகிறது. ஆறு வருடம் உழைத்த அடிமைக்கே இந்த நியாயம் என்றால், பதினாறு வருடம் ஒரு வீட்டில் சமைத்து, பிள்ளை பெற்று, மாமியாரின் நோயில் இரவெல்லாம் கண்விழித்த மனைவிக்கு எது நியாயம்?

இறையியல் கல்லூரியில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட ஒரு செய்தியையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். யூதர்களிடம் கெத்துபா என்ற திருமணப் பத்திரம் உண்டு. கணவன் மனைவியைத் தள்ளிவிட்டால் அல்லது இறந்துபோனால் அவளுக்குச் சேரவேண்டிய தொகை அதில் எழுதப்பட்டிருக்கும். கன்னிகைக்கு 200 சூஸ், விதவையாயிருந்து மறுமணம் செய்தவளுக்கு 100 சூஸ் என்பது ரபீமாரின் குறைந்தபட்ச அளவு. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த சிமியோன் பென் ஷெத்தாக் என்ற போதகர், இத்தொகைக்குக் கணவனின் ஆஸ்தி முழுவதும் பொறுப்பு என்று விதித்ததாகத் தால்முத் கூறுகிறது. மனைவியைத் தள்ளிவிடுவது புருஷனுக்கு எளிதாகத் தோன்றக்கூடாது என்பதே அதன் நோக்கம். மத்தேயு 19இல் இயேசுவிடம் வந்து, எந்த முகாந்தரத்தினாலும் மனைவியைத் தள்ளலாமா என்று கேட்டவர்கள் ஆண்கள். அவர் இருதய கடினத்தைக் குறித்துப் பேசியதும் அவர்களிடந்தான். அந்த வசனத்தை எடுத்து, தள்ளப்பட்ட பெண்ணின் வாயை அடைப்பதற்கு நாம் பயன்படுத்துவது வேத வியாக்கியானம் ஆகாது.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். கிறிஸ்தவர்களுடைய விவாகரத்தை ஆளுவது 1869ஆம் ஆண்டுச் சட்டம். ஆங்கிலேயர் இயற்றியது. வழக்கு நடக்கும் காலத்தில் மனைவிக்குக் கிடைக்கும் இடைக்கால ஜீவனாம்சத்தை அதன் 36ஆம் பிரிவு கூறுகிறது. கணவனின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அது போகக்கூடாது என்ற வரம்பு அதில் இருந்தது. அந்த வரம்பு நீங்கியது 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில். 132 ஆண்டுகளுக்குப் பின்! கணவனின் விபசாரம் மட்டும் மனைவிக்கு விவாகரத்துக் காரணமாகாது, அதனோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து நிரூபிக்கவேண்டும் என்ற பழைய அநீதியை 1995இல் கேரள உயர்நீதிமன்றம் செல்லாததாக்கியது. நாடு முழுமைக்குமாக அதை மாற்றியதும் 2001ஆம் ஆண்டுத் திருத்தமே. இருவர் சம்மதத்தோடு விவாகரத்துப் பெற வழிசெய்யும் 10ஏ பிரிவும் அப்போதுதான் வந்தது. 37ஆம் பிரிவு, மனைவி பெற்ற விவாகரத்துத் தீர்ப்பின்போது, அவள் ஆயுட்காலத்துக்கு ஆண்டுத் தொகையோ, ஒரே தடவையில் மொத்தத் தொகையோ வழங்கும்படி கணவனுக்கு உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

இதற்குப் புறம்பாக, எல்லா மதத்தாருக்கும் பொதுவான ஒரு வழி உண்டு. நீங்கள் 125ஆம் பிரிவு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. தன்னைத் தானே பராமரிக்க இயலாத மனைவியும், பிள்ளைகளும், பெற்றோரும் இதன்கீழ் மாதாந்தரத் தொகை கேட்கலாம். கணவன் விவாகரத்துப் பெற்றிருந்தாலும் மனைவி பெற்றிருந்தாலும், அவள் மறுமணம் செய்யாதவரை இச்சட்டத்தின் நோக்கில் அவள் 'மனைவி'யே. இங்கும் 2001 வரை ஒரு வரம்பு இருந்தது: மாதம் 500 ரூபாய். அதுவும் அவ்வாண்டில்தான் நீக்கப்பட்டது. அந்த 500 ரூபாய்க்காக நீதிமன்ற வாசலில் நின்ற தாய்மார்கள் இன்றும் நம் சபைகளில் பாட்டிமாராக அமர்ந்திருக்கிறார்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்பதே எல்லோரும் முதலில் கேட்பது. நிலையான கணக்கு ஏதும் இல்லை. 2017இல் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கில் கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்றது. பலர் அதை விதியாகவே நினைத்துவிட்டார்கள். அது ஓர் அளவுகோலே. 2024 டிசம்பரில் வந்த மற்றொரு தீர்ப்பில் 5 கோடி ரூபாய் நிரந்தர ஜீவனாம்சமாக வழங்கப்பட்டு, நாளேடுகளின் தலைப்பாயிற்று. நம் மக்கள் கவனிக்கவேண்டியது அந்தத் தொகையை விட, அதே தீர்ப்பு எடைபோடச் சொன்னவற்றை: இருவரின் படிப்பும் வேலையும், மனைவியின் சொந்த வருமானம், திருமண வீட்டில் அவள் வாழ்ந்த நிலை, குடும்பத்துக்காக அவள் விட்டுக்கொடுத்த வேலை, பிள்ளைகளின் தேவை, கணவனின் சக்தியும் அவனுடைய மற்றப் பொறுப்புகளும். குடும்பத்துக்காக விட்டுக்கொடுத்த வேலை என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். சிதம்பரத்தில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றுவிட்டு, 'வீட்டைப் பார்த்துக்கொள்' என்ற ஒரு சொல்லுக்காகச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய சகோதரிகள் நம்மிடையே எத்தனை பேர்!

நடைமுறையில் கடினம், கணவனின் வருமானத்தை நிரூபிப்பது. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் நிரந்தரப் பணியிலிருப்பவருக்குச் சம்பளச் சீட்டு உண்டு. கடலூர் முதுநகரில் படகு வைத்திருப்பவருக்கோ, பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்பவருக்கோ, சிங்கப்பூரில் ஒப்பந்த வேலை பார்ப்பவருக்கோ எந்தச் சீட்டைக் காட்டுவது? இதற்காகத்தான் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்சநீதிமன்றம், இரு தரப்பாரும் தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்று வகுத்தது. ஜீவனாம்சம் தீர்ப்பு நாளிலிருந்து அல்லாமல், மனு கொடுத்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பதையும் அத்தீர்ப்பே உறுதிசெய்தது. இடைக்கால மனுவைக் கூடியவரை 60 நாளுக்குள் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்ல, அந்த வழக்கில் இடைக்காலத் தொகை குறித்த சண்டையே ஏழு ஆண்டுகள் நீடித்தது. ஆகவே இழுத்தடித்தால் தப்பிக்கலாம் என்ற கணக்குக்கு நீதிமன்றம் வைத்த முற்றுப்புள்ளி அது. உடல் வலிமையுள்ள கணவன், வேலையில்லை என்று சொல்லித் தப்பமுடியாது, கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைப் பராமரிக்கவேண்டும் என்று 2022இலும் அதே நீதிமன்றம் சொன்னது.

பிரமாணப் பத்திரத்தில் பொய் எழுதுகிறவர்கள் நம் சபையாரிலும் உண்டு. கடையைத் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டு, நிலத்தைத் தாயின் பெயருக்கு எழுதிவிட்டு, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சத்தியம் செய்கிறார்கள். அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தில் நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்த அனனியாவை நாம் காணிக்கைக்காக மட்டும் பிரசங்கிக்கிறோம். வருமானத்தை ஒளிப்பவர்களுக்கும் அந்த அதிகாரம் பொருந்தும்.

"விசுவாசிகள் நீதிமன்றத்துக்குப் போகலாமா?" 1 கொரிந்தியர் 6ஐக் காட்டி இக்கேள்வியைக் கேட்பவர்கள் எப்போதும் பணம் கொடுக்கவேண்டியவர்களின் பக்கத்திலேயே இருப்பதைக் கவனித்திருக்கிறேன். பவுல் அங்கே கேட்பது, சகோதரர்களின் வழக்கைத் தீர்க்கத்தக்க ஞானி உங்களுக்குள் ஒருவனும் இல்லையா என்பதே. சபை நியாயம் தீர்க்கவில்லை, தீர்த்தாலும் நிறைவேற்றவில்லை என்றால் அந்த வசனத்தைப் பெண்ணின்மேல் சுமத்த நமக்கு என்ன உரிமை? லூக்கா 18இல் ஆண்டவர் ஜெபத்துக்கு உதாரணமாக யாரை நிறுத்தினார்? அநீதியுள்ள நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய் நின்ற ஒரு விதவையை. இன்றைய மொழியில், வாய்தா தவறாமல் போனவளை!

நம் பகுதியில் லுத்தரன் மரபில் வளர்ந்தவர்கள் ஏராளம். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடமே கடலூர்தான். மார்ட்டின் லுத்தர் 1529இல் திருமண முறைமைக்கு எழுதிய முன்னுரையில், திருமணம் இவ்வுலகக் காரியம், அதன் ஒழுங்கு உலக அரசுக்குரியது, போதகர்கள் அதில் ஆளுகை செய்யவேண்டியதில்லை என்ற கருத்தை வைத்தார். போதகரின் வேலை ஆசீர்வதிப்பதும் ஜெபிப்பதும். இந்தியச் சட்டமும் இதற்கு ஒத்தே போகிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம், திருச்சபை நீதிமன்றம் திருமணத்தைச் செல்லாதென்று அறிவித்தாலும் நாட்டுச் சட்டத்தின்படி அத்திருமணம் முறியாது என்று தீர்த்தது. சபைத் தீர்மானத்துக்கே அந்த நிலை என்றால், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதி, ஒரு தொகையைக் கையில் கொடுத்து 'தீர்த்துவிட்டோம்' என்பதற்கு என்ன மதிப்பு? கிறிஸ்தவத் திருமணம் அப்படி முறியாது. அந்தத் தாளில் பிள்ளைக்குரியதையும் சேர்த்துத் தாய் விட்டுக்கொடுத்ததாக எழுதிவாங்குகிறார்கள். மகளின் உரிமையைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது என்று 2019இல் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது.

ஆண்களின் வேதனையை நான் காணாதவன் அல்ல. நன்றாகச் சம்பாதிக்கும் மனைவி வருமானத்தை மறைத்துக் கேட்பதும், பிள்ளையைக் காட்டாமல் பணத்தை மட்டும் வாங்குவதும் நடக்கின்றன. 2024 டிசம்பரில் பெங்களூருவில் ஓர் இளைஞர் இத்தகைய வழக்குகளின் சுமையைச் சொல்லி உயிரை மாய்த்துக்கொண்டபோது நாடே பேசியது. விபசாரத்தில் வாழ்பவளும், தக்க காரணமின்றிக் கணவனோடு வாழ மறுப்பவளும் 144ஆம் பிரிவில் தொகை பெறமுடியாது. வேலை இழந்த கணவன், நிலைமை மாறிவிட்டது என்று மனுச் செய்து தொகையைக் குறைக்கக் கேட்கலாம். ஆகவே சகோதரரே, கொடுக்க இயலாமற் போனால் நீதிமன்றத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறைக்கு அனுப்பச் சட்டத்தில் இடமுண்டு. சிறைக்குப் போய் வந்தாலும் கடன் தீராது என்று 1989இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியே அனுப்புங்கள். 'கொடுத்தேன்', 'வாங்கவில்லை' என்ற சண்டையை நான் போதுமான அளவு கேட்டுவிட்டேன்.

என் கருத்தை வெளிப்படையாகவே வைக்கிறேன். விவாகரத்தான ஓர் ஆண் மறுமணத்துக்கு ஓலை வாசிக்கும்படி வரும்போது, நாம் தீர்ப்பின் நகலைக் கேட்கிறோம். ஞானஸ்நானச் சான்றைக் கேட்கிறோம். சபைச் சந்தா நிலுவையைக்கூடக் கேட்கிறோம்! முதல் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்ச உத்தரவு இருக்கிறதா, அதில் நிலுவை உண்டா என்று எவரும் கேட்பதில்லை. இனிக் கேட்கவேண்டும் என்று சபைச் சங்கத்தில் முன்வைத்திருக்கிறேன். சபை என்ன வசூல் அலுவலகமா என்று மூப்பர் ஒருவர் வினவினார். நியாயமான கேள்வி. சந்தாவை நாம் வசூலிக்கிறோம் என்பதே என் பதில். தன் வீட்டாரை விசாரியாதவனைக் குறித்து 1 தீமோத்தேயு 5:8 எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்று அவரையே வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் வரும். உங்கள் கருத்தைச் சங்க உறுப்பினர்களிடம் சொல்லுங்கள். எதிர்ப்பானாலும் சொல்லுங்கள்.

சகோதரிகளுக்குச் சில நடைமுறைச் செய்திகள். 144ஆம் பிரிவு மனுவை நீங்கள் வசிக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். கணவன் சென்னையில் இருக்கிறார் என்பதற்காக, தாய்வீடு வந்து சிதம்பரத்தில் இருப்பவர் அங்கே அலையவேண்டியதில்லை. உத்தரவு கிடைத்தும் பணம் வராவிட்டால், 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று வருடக்கணக்கில் காத்திராதீர்கள். தொகை செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனுச் செய்தால்தான் அந்த நிலுவைக்குப் பிடியாணை பெறமுடியும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்ற கவலையும் வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு ஏதுமின்றி இலவச சட்ட உதவி உண்டு. கடலூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும், சிதம்பரத்தில் வட்டச் சட்டப்பணிகள் குழுவையும் அணுகலாம். தொலைபேசி எண் 15100.

சிதம்பரத்திலிருந்து கடலூர் நீதிமன்றத்துக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வாய்தா நாளில் தனியே பேருந்தேறிப் போய், நாள் முழுவதும் வராந்தாவில் நின்று, வேறொரு தேதியோடு திரும்பிவருவதுதான் பலரை வழக்கை விட்டுவிடச் செய்கிறது. நம் பெண்கள் ஐக்கியத்தில் இரண்டு தாய்மார்கள் உடன்வர முன்வந்திருக்கிறார்கள். தேவைப்படுகிறவர்கள் வாய்தா தேதியை முன்கூட்டியே ஆயரகத்தில் தெரிவியுங்கள். யாருடைய பெயரும் ஜெபக்குறிப்பில் வாசிக்கப்படாது.